பதினோரு ஞாயிறும் ஜன்னலோர நாற்காலியும்

கூட்டத்தில் இருந்தவர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர்.

பாஸ்டர் பிரசங்க மேஜைக்குப் பின்னால் நிற்காமல், அதற்கு முன்னால் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாரநாள்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய கைகள் ஸ்டியரிங் இருக்க வேண்டிய உயரத்தில்தான் நிற்கும். முதல் வரிசையில் நர்ஸ் சிஸ்டர், மடியில் சலங்கைத் தட்டு கோத்த டாம்பரின். அவருக்கு இடப்பக்கம் அவருடைய மாமியார். காது மந்தம் என்பதால் முதல் வரிசை. ஆனால் கேட்காததையும் கேட்டதாகச் சொல்லி ஆமென் போட்டுவிடுவார். இரண்டாம் வரிசையில், நடைபாதை ஓரம், லாண்டரி அக்கா. ஆவியில் நிரம்பினால் அக்காவுக்குக் கை வீச இடம் வேண்டும். ஒருமுறை நடுவில் உட்கார்ந்து பக்கத்துச் சகோதரியின் மூக்குக் கண்ணாடியைப் பறக்கவிட்டதிலிருந்து அந்த ஓர நாற்காலி அக்காவுக்கென்றே ஆகிவிட்டது. மூன்றாம், நான்காம் வரிசைகளில் கீழே டயர் கடை வைத்திருப்பவரின் குடும்பமும், பல் செட் செய்பவரும் அவர் மனைவியும், மற்றவர்களும். லிஸ்ட் பிரதரின் மனைவி ஐந்தாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே.

லிஸ்ட் பிரதர் கடைசி வரிசையில் ஜன்னலோரம். அங்கிருந்துதான் எல்லாத் தலைகளும் தெரியும். மேலே சொன்னதையெல்லாம் அவர் தம்முடைய முப்பத்தோராவது நோட்டில் கட்டம் போட்டு எழுதி முடித்திருந்தார்.

அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று தெரியாது. அரசு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை. நோயாளிகளின் பழைய கோப்புகளை வருடம், மாதம், எண் என்று அடுக்கி அடுக்கியே அவர் கைக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. சபை ஆரம்பித்த முதல் ஞாயிறிலிருந்து யார் வந்தார்கள், எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று எழுதிக்கொண்டு வருகிறார். வருடத்துக்கு ஒரு நோட்டு. "பரலோகத்துல ஜீவபுஸ்தகம் தொலைஞ்சு போச்சுன்னா நம்ம பிரதர்கிட்ட ஒரு காப்பி இருக்கு" என்று பல் செட்காரர் கிண்டல் செய்வார்.

பாஸ்டர் ஒரு கடிதத்தை விரித்தார். தலைமைச் சபையிலிருந்து வந்தது. ஐம்பது பேருக்குக் குறைவான சபைகளைப் பக்கத்துப் பெரிய சபைகளோடு இணைத்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது. முப்பது வருடம் இடைவிடாமல் கூடிவந்த சபைகளுக்கு மட்டும் விலக்கு. அதற்கு, சபையின் சரித்திரத்தை எழுதி, இத்துடன் இணைத்துள்ள ஒன்பது கேள்விகளுக்கும் பதில் எழுதி, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

"இணைக்கிறதுன்னா எங்க?" என்று டயர் கடைக்காரர் கேட்டார்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கே, பெரிய சபை. அங்கதான்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. பெரிய சபை என்றால் ஆயிரம் பேர், குளிர்சாதனம், வாசலில் வண்டி நிறுத்தச் சீட்டு.

"அங்க சாட்சி சொல்லணும்னா ரெண்டு நாள் முன்னாடியே பேர் கொடுக்கணுமாம். ரெண்டு நிமிஷம்தானாம். அப்புறம் மைக்கை ஆஃப் பண்ணிடுவாங்களாம்" என்றார் நர்ஸ் சிஸ்டர்.

எல்லாரும் லாண்டரி அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆண்டவர் தமக்குச் செய்ததை எழுந்து சொல்லும் அக்காவின் சாட்சி இருபது நிமிடத்துக்குக் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவே மூணு நிமிஷம் ஆகுமே" என்று அக்காவும் சிரித்தார். ஆனால் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் கேள்விகளைப் படித்தார். ஏழாவது கேள்வி இது: சபை ஆரம்பித்த நாள் முதல் எந்த ஞாயிறாவது ஆராதனை நின்றதுண்டா? குறைந்தது இரண்டு விசுவாசிகள் கூடியிருந்தால் மட்டுமே ஆராதனை எனக் கொள்ளப்படும்.

"ஒரு ஞாயிறு கூட நிக்கல! அல்லேலூயா!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. மாமியாருக்கு யாரும் காதில் எதுவும் சொல்லாமலே "ஆமென்" வந்தது.

"அப்ப கவலையே இல்ல. பிரதர்கிட்ட முப்பத்தோரு நோட்டு இருக்கு. அவரே எழுதட்டும்" என்றார் பாஸ்டர்.

லிஸ்ட் பிரதர் தலையை ஆட்டினார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த இடது கை மட்டும் வியர்த்துப்போயிற்று. முப்பத்தொன்றில் இரண்டாவது நோட்டில் பதினோரு பக்கம் வெறுமையாக இருப்பது அந்தக் கூடத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, இன்னொருத்திக்கும் தெரியும். மின்விசிறிக்குக் கீழே அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

சரித்திரத்தின் முதல் பாகத்தை எழுத அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஞாயிறு மாலையே உட்கார்ந்து எழுதிவிட்டார். மருத்துவமனை லாண்டரியின் பின்கட்டில், சலவைக்குக் காத்திருந்த போர்வை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, நீராவிக் குழாயில் கை வெந்த ஒரு சக ஊழியருக்காக ஐந்து பேர் ஜெபித்ததில் ஆரம்பம். அந்தக் கை ஆறியது. ஜெபம் நிற்கவில்லை. ஐந்து பேர் பதினான்காகி, மூட்டைகள் போதாமல், டயர் கடை மாடியில் மூடிக் கிடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். எந்த விரல் எந்த எழுத்தில் என்று காட்டும் படம் இன்றும் பிரசங்க மேஜைக்குப் பின்னால் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும். முதல் ஞானஸ்நானம் ஊருக்கு வெளியே கல்குவாரித் தண்ணீரில். முழுகி எழுந்தவர்களில் ஒருவர் குளிரில் நடுங்கியதை ஆவியின் அபிஷேகம் என்று நினைத்து எல்லாரும் அரைமணி நேரம் துதித்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் அந்த ஆளே, "போர்வை இருந்தா குடுங்களேன்" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. அப்படி நடுங்கியவர் லிஸ்ட் பிரதர். அதையும் ஒளிக்காமல் எழுதினார்.

அதற்கு அடுத்த பக்கத்தில் பேனா நின்றது.

இரண்டாம் வருடத்தில் சபை உடைந்தது. காரணத்தைச் சொன்னால் வெளியார் சிரிப்பார்கள்: நாற்காலியா, பாயா? முதல் பாஸ்டர் ஒரு ஞாயிறு நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்தார். ஆவியானவர் இறங்கும்போது ஜனங்கள் முழங்காலில் விழ, முகங்குப்புறக் கிடக்க இடம் வேண்டும், நாற்காலி தடையாக இருக்கிறது என்றார். பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேருக்கு முழங்கால் வலித்தது. லிஸ்ட் பிரதருக்கு வலித்தது வேறு இடத்தில். பாயில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்தார்கள், உருண்டார்கள், பாட்டுக்குப் பாட்டு இடம் மாறினார்கள். கட்டம் போட்டு எப்படி எழுதுவது? மூன்றாவது வாரம் எழுந்து, ஒழுங்கு வேண்டும் என்றார். பாஸ்டர் எல்லார் முன்னிலும், "ஆண்டவருக்கு உங்க லிஸ்ட் வேணாம் பிரதர்" என்றார்.

அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்தது. அன்றைக்கே பாய்க்காரர்கள் ஒரு வீட்டுக்கும், நாற்காலிக்காரர்கள் பெரிய சபைக்கும் போனார்கள். மாடியில் மற்றவர்கள் கூடுவார்கள் என்று ஒவ்வொரு கட்சியும் நினைத்துக்கொண்டது. பாஸ்டர் ஒரு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசியாகப் படியிறங்கியது லிஸ்ட் பிரதர். கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாவி பதினோரு வாரம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது.

பன்னிரண்டாவது ஞாயிறு அவர் திரும்பிப் போனபோது கதவு திறந்திருந்தது. நாற்காலிகள் அவருடைய பழைய கட்டத்தின்படியே வரிசையாக இருந்தன. முன்னால் பாதி இடத்தில் பாய். ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. யாரோ பூட்டிவிட்டுப் போனார்கள், ஆண்டவர் திறந்தார் என்று மட்டும் லாண்டரி அக்கா சொன்னார். அந்த யாரோ கட்டடத்துக்காரர்தான் என்று சபை தானாக முடிவு செய்துகொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும், "அன்றைக்கு இந்த வாசலைப் பூட்டின அந்த மனுஷனையும் மன்னியும் ஆண்டவரே" என்று ஒரு ஜெபம் தவறாமல் ஏறெடுக்கப்பட்டது. அதற்கு மிகவும் உரக்க ஆமென் சொன்னவர் லிஸ்ட் பிரதர்.

"என்னங்க, பேனாவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க" என்று மனைவி காய்ந்த துணிகளை மடித்தபடி கேட்டாள்.

"ஏழாவது கேள்வி."

"தெரியும்." ஒரு சட்டையை உதறினாள். "முப்பது வருஷமா அந்த ஜெபத்துக்கு நீங்க ஆமென் சொல்றப்ப நான் உங்க முகத்தைப் பாக்கறதே இல்லை. கவனிச்சீங்களா?"

"கவனிக்கல."

"எல்லாரும் எங்க உக்காந்தாங்கன்னு எழுதுவீங்க. எந்தப் பக்கம் பாத்தாங்கன்னு எழுத மாட்டீங்களே."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பதினோரு வாரத்துக்குப் பிறகு புதிதாக எண்ணினால் இருபத்தொன்பது வருடம் நான்கு மாதம். எட்டு மாதம் குறைகிறது. இரண்டாம் நோட்டை எடுத்து வெறும் பக்கங்களைப் புரட்டினார். பழைய பாணியில் கட்டம் போட்டு, பத்துப் பதினைந்து பெயரை நிரப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? மையின் நிறம்கூடப் பழையதுபோல் கிடைக்கும். பதிவேட்டு அறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர்; எது பிற்பாடு எழுதியது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியாதபடி எழுத அவருக்குத் தெரியும். நோட்டை மூடினார்.

ஆனால் பூட்டிய கதவு எப்படித் திறந்தது?

முப்பது வருடம் கேட்காத கேள்வி. கேட்டால், பூட்டியவர் தாமே என்பது வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் மருத்துவமனையின் பின்கட்டுக்குப் போனார். லாண்டரியில் நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. அக்கா ஒரு நீளமான மேஜையில் வார்டு விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஒரு விரிப்பின் மறுமுனையை நீட்டினார். அவரும் பிடித்துக்கொண்டார். இருவரும் மடிக்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா, அந்தக் கதவைப் பூட்டினது கட்டடத்துக்காரர் இல்ல."

"தெரியும் பிரதர். முனையை நேராப் பிடிங்க."

அவர் பிடித்திருந்த முனை கீழே விழுந்தது. அக்காவே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"எப்படித் தெரியும்?"

"கட்டடத்துக்காரரைக் கேட்டேன். அவரு சாவி நோட்டுக்காரர்கிட்ட இருக்குன்னாரு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிஃப்டு, நான் வரல. நீங்கள்லாம் சண்டை போட்டதே எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் படியேறிப் போனா பூட்டு."

"என்கிட்ட வந்து சாவியைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க கொடுத்திருப்பீங்க. கொடுத்துட்டு அப்புறம் வராமலே போயிருப்பீங்க." அக்கா விரிப்பை நான்காக மடித்து மேஜையில் தட்டினார். "சாவி உங்ககிட்ட இருந்தாத்தான் நீங்க நம்ம ஆளுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவருக்கு அந்த நாள்கள் ஞாபகம் வந்தன. தினமும் காலையில் நடைவழியில் அக்கா துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வருவார். "ஸ்தோத்திரம் பிரதர். உங்க நாற்காலி அங்கதான் இருக்கு" என்பார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. பதினோரு வாரம், வாரத்துக்கு ஆறு நாள். மற்றவர்களிடமும் அக்கா இதையேதான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றியது.

"அப்ப கதவு?"

"படிக்கு அடியில பூட்டுக்கடை இருக்குல்ல, அவரைக் கூப்பிட்டேன். திறந்து, புதுச் சாவியும் ராவிக் கொடுத்தாரு."

"அந்தப் பதினோரு வாரமும் நீங்க தனியாவா..."

"தனியா எப்படி ஆராதனை நடத்தறது? ரெண்டு பேராவது வேணுமே." அக்கா அவரை ஏதோ அடிப்படை தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பூட்டுக்காரரை உக்கார வச்சுக்கிட்டேன்."

மாலையில் வேலை முடிந்து அவர் நேராகப் பூட்டுக்கடைக்குப் போனார். கடை என்றால் மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரியின் அகலம். பலகையில் நூற்றுக்கணக்கில் வெட்டாத சாவிகள் தொங்கின. பூட்டுக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் அவரைத் தாண்டித்தான் லிஸ்ட் பிரதர் படியேறியிருக்கிறார். ஒரு தலையசைப்புக்கு மேல் பேசியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"ஐயையோ சார். அதெல்லாம் இப்ப ஏன் கிளறுறீங்க? நான் உங்க ஆளு கூடக் கிடையாது."

"கோபமா வரல. தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். ஏன் உக்காந்தீங்க?"

"முத வாரம் சாவி சரியா விழுதான்னு பாக்க மேல போனேன். அஞ்சு நிமிஷம் உக்காருங்கன்னாங்க. உக்காந்தேன். ஒண்ணரை மணி நேரம் ஆச்சு."

"ரெண்டாவது வாரம்?"

"கீழ வந்து கடை முன்னாடி நின்னாங்க. ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னாங்க. வெள்ளைச் சேலை கட்டி ஒரு பொம்பளை அசையாம நின்னா, வர்ற கஸ்டமர் என்ன நினைப்பான் சொல்லுங்க? சரின்னு எழுந்து போயிட்டேன். அப்புறம் பழகிப்போச்சு. சும்மா இருக்க முடியலன்னு அரத்தையும் ரெண்டு சாவியையும் எடுத்துக்கிட்டுப் போவேன். அவங்க பாடுவாங்க, நான் ராவுவேன். அவங்க பாட்டுக்கு என் அரம்தான் தாளம்."

"எந்த நாற்காலி?"

இதைக் கேட்காமல் லிஸ்ட் பிரதரால் இருக்க முடியவில்லை.

"கடைசி வரிசை. ஜன்னலுக்குப் பக்கத்துல இருந்து ரெண்டாவது. ஜன்னலோரம்தான் வெளிச்சம் நல்லா இருந்துச்சு, அங்க உக்காரப் போனேன். விடவே இல்ல சார் அவங்க. அது ஆள் வர்ற நாற்காலின்னாங்க. அந்தச் சீட்டு மேல ஒரு பாட்டுப் புத்தகத்தை வேற வச்சிருந்தாங்க. ஒவ்வொரு வாரமும் துடைச்சு, மறுபடி புத்தகத்தை வச்சு... யாரு சார் அந்த ஆளு? வந்தாரா?"

லிஸ்ட் பிரதர் படியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையில் துரு படுகிறதே என்று பூட்டுக்காரர் சொன்னது காதில் விழவில்லை.

"வந்தாரு" என்றார். "லேட்டா வந்தாரு."

பூட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பழந்துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது எண்ணெய்த் துணி. கண்ணைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் கறுப்பு.

"ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றார் பூட்டுக்காரர். "நாலாவது வாரம் அந்தம்மா என்னைச் சொல்லி, என் வீட்டுக்காரி, புள்ளைங்களைச் சொல்லி, சத்தமா அழுது ஜெபம் பண்ணாங்க. எனக்காக ஒருத்தர் அப்படிக் கேட்டது முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நீங்கள்லாம் திரும்பி வந்ததும், இனிமே நான் எதுக்குன்னு கீழயே இருந்துட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கஸ்டமர் கூட வர மாட்டான். நான் ஏன் கடை திறக்கறேன்னு நினைக்கிறீங்க?"

லிஸ்ட் பிரதர் நிமிர்ந்து மேலே பார்த்தார். படிக்கட்டின் பலகை இடுக்குகள் வழியாகக் கூடத்தின் வாசல் தெரிந்தது. மேலே ஒருவர் இருமினால்கூட இங்கே கேட்கும்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் முதலில் எழுந்தவர் அவர். முப்பத்தொரு வருடத்தில் அவர் சாட்சி சொன்னது நான்கே முறை, அதுவும் எழுதி வைத்துப் படித்தது. அன்றைக்குக் கையில் காகிதம் இல்லை.

"கதவைப் பூட்டினது நான்தான்" என்று ஆரம்பித்தார்.

சொல்லி முடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. முடிந்ததும் அவர் உட்காரவில்லை. உட்காரலாமா என்று தெரியவில்லை.

நர்ஸ் சிஸ்டர்தான் முதலில் பேசினார். "அப்ப இத்தனை வருஷமா அந்தக் கட்டடத்துக்காரரை நாம மன்னிச்சுக்கிட்டே இருந்தோமே, பாவம், அவரு என்ன பண்ணாரு?"

பல் செட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார், பிரயோஜனமில்லை. சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவி, டயர் கடைக்காரர் நாற்காலியோடு ஆடினார். என்ன விஷயம் என்று மருமகள் காதில் கத்திச் சொல்லத் தெரிந்துகொண்ட மாமியார், திரும்பி லிஸ்ட் பிரதரைப் பார்த்து, "முப்பது வருஷமா உனக்காகத்தான் ஜெபம் பண்ணியிருக்கோம், போ. சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார்.

அதைக் கேட்டு லாண்டரி அக்கா எழுந்து கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்ல, பாஸ்டர் முழங்காலில் இறங்க, கூடம் முழுக்கத் துதி எழும்பிற்று. அக்காவின் வாயிலிருந்து புரியாத பாஷை ஆறுபோல ஓடியது. லிஸ்ட் பிரதர் முதன்முறையாக நாற்காலியை விட்டு முன்னால் போய்ப் பாயில் விழுந்தார். அந்த ஞாயிறு யார் எங்கே இருந்தார்கள் என்பது நோட்டில் இல்லை. பக்கத்தின் நடுவில் ஒரு வரிதான் இருக்கிறது: எல்லாரும் பாயில்.

அமைதியானதும் பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஏழாவது கேள்விக்கு என்ன எழுதறது?" என்றார்.

"ரெண்டு விசுவாசிகள்னு போட்டிருக்கான். பூட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுக்காதவர். உள்ளதைச் சொன்னா நம்மைத் தூக்கிப் பெரிய சபையில போட்டுருவாங்க" என்றார் டயர் கடைக்காரர்.

"போட்டா போறோம்" என்றார் லாண்டரி அக்கா. "ரெண்டு நிமிஷத்துக்குள்ள சொல்லப் பழகிக்கறேன்." எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "இல்லாததை எழுதி இந்த மாடியில நான் கை தட்ட மாட்டேன்."

பாஸ்டர் படியிறங்கிப் போய்ப் பூட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வாசலிலேயே நின்று கைகளைச் சட்டையில் துடைத்தார்.

"என்னை எதுலயும் மாட்டி விடாதீங்க பாஸ்டர். நான் விசுவாசியான்னு கேட்டா எனக்கே தெரியாது. நான் கீழ உக்காந்து கேக்கறவன்."

"அதையே எழுதிக்கலாமா?"

"அது உண்மைதானே. எழுதிக்கங்க."

உட்காரச் சொன்னார்கள். அவர் யாரும் காட்டாமலே கடைசி வரிசைக்குப் போய், ஜன்னலுக்குப் பக்கத்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏழாவது கேள்விக்கான பதிலை லிஸ்ட் பிரதர் திங்கள் விடியற்காலை எழுதினார். ஒரே மூச்சில் வந்தது. சபை பதினோரு ஞாயிறு உடைந்திருந்தது என்றும், வாசலைப் பூட்டியது இதை எழுதுகிறவரே என்றும், அந்தப் பதினோரு ஞாயிறும் ஆராதனை நடந்தது என்றும் எழுதினார். இதை இடைவெளியாகக் கொள்வதா வேண்டாமா என்பதைத் தலைமைச் சபையே ஜெபித்துத் தீர்மானிக்கும்படியும், எந்தத் தீர்மானமானாலும் தங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்றும் எழுதினார். பிறகு ஸ்கேலை எடுத்துக் கட்டம் போட்டார்.

வந்தவர்களும் அமர்ந்த இடமும். இரண்டாம் வரிசை, நடைபாதை ஓரம்: மருத்துவமனை லாண்டரிச் சகோதரி. கடைசி வரிசை, ஜன்னலிலிருந்து இரண்டாவது: பூட்டுச் சாவி செய்பவர், அரத்தோடு. கடைசி வரிசை, ஜன்னலோரம்: காலி, பாட்டுப் புத்தகம் ஒன்று. அந்த இடம் எனக்காக வைக்கப்பட்டிருந்தது.

இதே கட்டத்தைப் பதினோரு முறை எழுதினார். ஒன்றுபோலவே இருக்கிறதே, ஒன்று எழுதினால் போதாதா என்று மனைவி கேட்டாள். "பதினோரு வாரம் துடைச்சிருக்காங்க" என்றார். அவள் மேஜை விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். இந்தமுறை அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுபடி யோசித்து, கடைசியில் ஒரு குறிப்புச் சேர்த்தார்: இன்றைய அங்கத்தினர் தொகை இருபத்திரண்டு என்று முன்பு அறிவித்திருந்தோம். மாடிப்படிக்குக் கீழே அமர்ந்து முப்பது வருடமாகக் கேட்டுவரும் ஒருவர் விடுபட்டுப் போயிருந்தார். இருபத்துமூன்று எனத் திருத்தி வாசிக்கவும்.

வேலைக்குப் போகும் வழியில் பூட்டுக்கடையில் நின்றார். உறை கனமாக இருந்தது. ஓரத்துப் பசை ஒட்டவில்லை, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வாய் பிளந்தது.

"கொடுங்க சார், இப்படி" என்று பூட்டுக்காரர் வாங்கி, தம்முடைய பசைப் புட்டியிலிருந்து ஒரு துளி தடவி, இடுக்கியின் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் திருகினார். இருவரும் பசை காயக் காத்திருந்தார்கள். லாண்டரி அக்கா வேலைக்குப் போகிற வழியில் வந்து சேர்ந்துகொண்டார்.

"என்னைப் பத்தி ரொம்ப எழுதிடலையே?"

"உக்காந்த இடத்தை மட்டும்தான்கா எழுதியிருக்கேன்."

இடுக்கியைத் தளர்த்தி, விரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்து, "இனிமே இதைத் திறக்கணும்னா என்னைத்தான் கூப்பிடணும்" என்று பூட்டுக்காரர் உறையைத் திருப்பிக் கொடுத்தார். எதிர்ச் சாரியில் இருந்த தபால் பெட்டிக்கு மூவருமாகச் சாலையைக் கடந்தார்கள். லிஸ்ட் பிரதர் முகவரியை ஒருமுறை படித்துச் சரிபார்த்து, உறையை உள்ளே தள்ளினார். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டதும் அக்கா, "ஸ்தோத்திரம்" என்றார்.